காந்த நாடாவும் கழற்றும் டிஸ்கும்

கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் நல்ல பெயர் வாங்கித் தரும் காரியங்கள் பல உண்டு. பேக்கப் எடுப்பது அவற்றில் சேர்ந்ததன்று. புரோகிராம் எழுதுகிறவரை நிர்வாகம் அழைத்துப் பாராட்டும். புதிய சர்வர் வந்திறங்கினால் அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டுத் தேங்காய் உடைத்து வரவேற்கும். ஆனால் அன்றன்றைய கணக்கை வேறோர் இடத்தில் பிரதி செய்து வைக்கிறவனை, அந்தப் பிரதிக்கு அவசியம் நேரும் நாள் வரையில் யாரும் கவனிப்பதில்லை. 1986ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையின் கணக்குப் பிரிவில் ஆபரேட்டராகச் சேர்ந்து, பின்னர் சென்னைக்கு வந்து சிறிய, நடுத்தர நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டுவிட்ட எனக்கு, காந்த நாடா கோலோச்சிய காலமும், அதன் ஸ்தானத்தைக் கழற்றி மாட்டும் டிஸ்குகள் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்ட காலமும் கண்முன் நடந்தவை. அந்த மாற்றத்தால் விளைந்த நன்மைகளைப் பற்றி விற்பனைக்காரர்கள் போதிய அளவுக்குப் பேசியாயிற்று; நாடாவோடு சேர்ந்து சத்தமில்லாமல் மறைந்துபோன ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பஞ்சாலையில் இருந்தது அரை அங்குல அகலமுள்ள நாடா. 2,400 அடி நீளமுள்ள ஒரு சுருளில், அங்குலத்துக்கு 1,600 எழுத்து என்ற அடர்த்தியில், சுமார் 40 மெகாபைட் அடங்கும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் புகைப்படங்களில் பத்து அதில் கொள்ளுமானால் அதிகம். சுருளின் பின்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தினால்தான் டிரைவ் அதில் எழுதும். வளையத்தை எடுத்துவிட்டால் படிப்பதோடு நின்றுவிடும். ராத்திரி ஷிப்டில் சம்பளப் பட்டியலும் பஞ்சு இருப்புக் கணக்கும் ஓடி முடிந்தபின், சுருளை இறக்கி, வளையத்தைக் கழற்றி, டப்பாவில் இட்டு, மேலே தேதி எழுதி, பதிவேட்டில் கையொப்பமிட்டு, காலையில் காஷியர் வந்ததும் அவர் முன்னிலையில் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். இந்த ஆசாரங்களையெல்லாம் அனுஷ்டித்ததற்கு எங்களுடைய சிரத்தை மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய்யாகும். இருந்தது ஒரே டிரைவ். சுருளை இறக்காவிட்டால் அடுத்த வேலை நடக்காது. ஆகவே பிரதி என்பது, எடுத்த மாத்திரத்தில் யந்திரத்தை விட்டு வெளியே வந்தே தீரவேண்டிய பொருளாக இருந்தது.

டிஸ்கையே ஏன் இன்னொரு டிஸ்கில் பிரதி செய்யக்கூடாது என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்போம். மெஷினில் இருக்கும் ஒரு டிஸ்கை வாங்குவதற்கே மூன்று மட்டத்து அதிகாரிகள் கையெழுத்திட வேண்டியிருந்தது. எண்பதுகளின் கடைசியில் யூனிக்ஸ் ஓடும் சிறிய கம்ப்யூட்டர்கள் அலுவலகங்களுக்கு வந்தபோதும் அவற்றுடன் கூடவே வந்தது கால் அங்குல நாடாதான். கனமான உலோகத் தகட்டின்மேல் அமைந்த, ஒரு சிறு புத்தகத்தின் பருமனுள்ள அந்தக் கார்ட்ரிட்ஜில் 150 மெகாபைட் கொள்ளும். பல நாள் உபயோகிக்காமல் வைத்திருந்ததை எடுத்தால், முதலில் நாடாவை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றி இறுக்கம் சரிசெய்ய வேண்டும்; ‘ரீடென்ஷன்’ என்ற அந்த வேலை நடக்கும்போது எழும் கர்ஜனையில் பக்கத்து அறையில் போன் பேச முடியாது.

அதற்குப் பிறகு வந்தது டாட். எச்.பி.யும் சோனியும் சேர்ந்து 1989இல் கொண்டுவந்த இந்த 4 மில்லிமீட்டர் நாடா, பாட்டுக் கேட்பதற்காக ஏற்பட்ட கேசட்டைக் கணக்கு வைப்பதற்குப் பழக்கியெடுத்ததே. தொடக்கத்தில் ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று அதிகமாகக் கொண்ட அந்தச் சிறு கேசட், 1993இல் 4 ஜிகாபைட்டும், 1996இல் 12 ஜிகாபைட்டும், 1999இல் 20 ஜிகாபைட்டும் கொள்ளுமளவுக்கு வளர்ந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். நான் பராமரித்த அலுவலகங்களில் பத்தாண்டுக் காலம் இதுவே சக்கரவர்த்தி.

டாட் டிரைவில் ஒரு குணம் உண்டு. இரவில் பேக்கப் முடிந்ததும் கேசட்டைத் தானே வெளியே தள்ளிவிடும்படி நாங்கள் ஏற்பாடு செய்துவிடுவோம். காலையில் அலுவலகத்தைத் திறக்கும் எழுத்தர், சர்வரின் முகப்பில் கேசட் பாதி நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் வேலை ஒழுங்காக முடிந்தது என்று அர்த்தம். உள்ளேயே இருந்தால் ஏதோ கோளாறு, எனக்குப் போன் வரும். கேசட்டை எடுத்து அன்றைய கிழமை எழுதிய உறையில் இட்டு, அடுத்த கிழமைக்குரியதைச் செருகினாலன்றி அன்றிரவு பேக்கப் நடக்காது. கம்ப்யூட்டர் ஞானம் சிறிதுமில்லாத ஒருவர்கூட மாதக்கணக்கில் தவறாமல் செய்யக்கூடிய காரியமாக அது இருந்ததற்குக் காரணம், செய்யாமல் விட்டால் யந்திரமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான்.

டாட்டின் துர்க்குணமும் சாமானியமானதன்று. அதை நான் பூரணமாக அறிந்துகொண்டது திருப்பூரில், ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில். அங்கே சர்வரின் டிஸ்க் ஒரு நாள் செயலற்றுப் போயிற்று; டாட் டிரைவும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கேசட்டை உள்ளிழுக்க மறுத்ததால் மாற்றப்பட்டுப் புதியது பொருத்தப்பட்டிருந்தது. பழைய கேசட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய டிரைவில் போட்டுப் பார்த்தால் ஒன்றையும் அது படிக்கவில்லை. முதலாளி பதறிப்போனார். “ஏனுங்க, தெனமும் ராத்திரி சரியா எழுதிருச்சுன்னுதானுங்க சீட்டு வந்துச்சு, அப்புறம் எப்படிங்க படிக்க மாட்டேங்குது?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. டாட்டில் எழுதும் தலை சுழலும் உருளை ஒன்றில் பதிந்திருக்கிறது. நாடாவின்மேல் அது சாய்வாக, மயிரிழைக் கோடுகளாக எழுதிச் செல்கிறது. நாடாவை வழிநடத்தும் சிறு தூண்கள் நாளடைவில் தேய்ந்து விலகினால் அந்தக் கோடுகளும் கோணிப்போகும். ஆனால் கோணலாக எழுதிய டிரைவ் தான் எழுதியதைத் தானே கோணலாகவே படிப்பதால் சரிபார்க்கும்போது குற்றம் எதுவும் தெரியாது. வேறொரு டிரைவில் போட்ட பிறகே குட்டு வெளிப்படும்.

நல்ல வேளையாகப் பழைய டிரைவ் கிடங்கில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்து ரிச்சி தெருவில் நான் தேடியது கம்ப்யூட்டர் மெக்கானிக்கையன்று. வீடியோ கேசட் டெக் பழுதுபார்த்துப் பழகிய ஒருவரை. சுழலும் தலையும் சாய்வெழுத்தும் இரண்டு யந்திரங்களுக்கும் பொது என்பதால், எழுதும் நுட்பம் அறிந்த இன்ஜினியர்களைக் காட்டிலும் வீடியோ மெக்கானிக்குகளுக்கே அதன் அந்தரங்கம் தெரியும். “அண்ணே, உள்ளே இழுக்கிற பல்சக்கரத்தை மட்டும் பாருங்க, அலைன்மென்ட்டைத் தொட்டுடாதீங்க” என்றேன். அவர் டார்ச் விளக்கை வாயில் கவ்வியபடியே உள்ளே பார்த்துவிட்டு, “கோணலா எழுதினதைக் கோணலாத்தானே தம்பி படிக்கணும், எனக்குத் தெரியாதா?” என்றார். அந்தப் பழைய டிரைவே அத்தனை கேசட்டுகளையும் படித்துத் தந்தது. அதுமுதல் நான் பராமரிக்கும் எந்த இடத்திலும், மாதம் ஒரு முறையாவது ஒரு பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பதை நிபந்தனையாகவே வைத்தேன். அதற்கான கூலியைப் பில்லில் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் போனவர்களும் உண்டு.

கழற்றும் டிஸ்குகளின் சரித்திரத்தில் இரண்டு குலங்கள் உண்டு என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லிவிடுவது நலம், ஏனெனில் பின்னால் சொல்லப்போவது அதைப் பொறுத்தது. சைக்வெஸ்ட், தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஜாஸ், 2004இல் 35 ஜிகாபைட் கொள்ளளவுடன் வந்த ரெவ் ஆகியவற்றில் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது காந்தத் தகடு. எழுதும் தலை டிரைவில் தங்கிவிடுகிறது. 100 மெகாபைட் ஜிப் டிஸ்கும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நம் ஊரில் அச்சகத்தாரும் டி.டி.பி. கூடங்களும் படங்களைப் பிலிம் எடுக்கும் இடத்துக்குக் கொடுத்தனுப்ப அதைப் பெரிதும் நம்பியிருந்தார்கள். தலை ஓரிடத்திலும் தகடு வேறிடத்திலும் இருக்கும்வரையில் தூசும் தேய்மானமும் உண்டு; ஒரு டிரைவில் எழுதியது மற்றொன்றில் படியாத வியாதியிலிருந்தும் முழு விமோசனம் கிடையாது. இரண்டாவது குலத்தில் தலையும் தகடும் மோட்டாரும் சேர்ந்த முழு ஹார்ட் டிஸ்கே கழன்று வருகிறது. எழுதிய தலையே படிக்கவும் கூடவே வருவதால் திருப்பூர் விபரீதத்துக்கு அங்கே இடமில்லை. அதற்குப் பிரதியாக வேறொரு ஆபத்து உண்டு: நாடாவில் டிரைவ் பழுதானாலும் எழுத்து பிழைத்திருக்கும், டிஸ்கிலோ மோட்டார் நின்றால் எழுத்தும் அதனுடன் சிறைப்பட்டுவிடும்.

இரண்டாவது குலத்தில் எங்கள் கைக்கு முதலில் வந்தது ‘மொபைல் ராக்’ என்று ரிச்சி தெருவில் விற்ற பிளாஸ்டிக் சட்டம். கம்ப்யூட்டரின் முகப்பில் ஒரு கூடு, அதற்குள் வழுக்கிச் செல்லும் ஒரு தட்டு, தட்டுக்குள் சாதாரண ஐ.டி.இ. டிஸ்க், பூட்டுவதற்குச் சிறு சாவி. டாட் டிரைவ் ஒன்றின் விலைக்கு இப்படிப்பட்ட சட்டங்களும் அவற்றுக்கான டிஸ்குகளும் பல வாங்கிவிடலாம். நாடாவில் இரவு முழுவதும் ஓடிய வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. தொலைந்துபோன ஒரே ஒரு கோப்பைத் தேடி நாடா முழுவதையும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டிய நிர்ப்பந்தமும் ஒழிந்தது. எனினும் மெஷினை அணைத்த பிறகே தட்டை உருவ வேண்டும். இரண்டு கம்பெனிகளின் தட்டுகள் ஒன்றின் கூட்டில் மற்றொன்று பொருந்தாது. நூற்றுக்கணக்கான தடவை செருகி எடுக்க ஏற்பட்ட முள்களும் அவையல்ல. பின்னால் சாட்டா டிஸ்குகள் வந்தபோது, கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் சாதாரண இணைப்பு சுமார் 50 தடவை செருகி எடுப்பதற்கென்றே வகுக்கப்பட்டது என்பதை அறியாமல், ஒரே டிஸ்கைத் தினமும் கழற்றி மாட்டிவிட்டு அது ‘திடீரென்று’ கெட்டுப்போனதாக வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யு.எஸ்.பி. டிஸ்க் வந்த பிறகு பேக்கப் என்பதற்குத் தனி வித்தை எதற்கு என்ற எண்ணமே பலருக்கு உண்டாகிவிட்டது. வினாடிக்குச் சுமார் 30 மெகாபைட் என்ற நடைமுறை வேகத்தில் 100 ஜிகாபைட்டை ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடும் பெட்டி, மேஜைமேல் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அப்படித் தோன்றுவது இயற்கைதான். ஆனால் அதன் தந்திரங்கள் நாடாவினுடையவற்றைவிட ஆழமானவை. கடையிலிருந்து வரும்போது பெரும்பாலான பெட்டிகள் ஃபேட் 32 என்ற பழைய முறையில் வகுக்கப்பட்டிருந்தன. அந்த முறையில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிகாபைட்டைத் தொட முடியாது. ராயப்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் 250 ஜிகாபைட் டிஸ்க் ஏறக்குறைய காலியாகக் கிடக்க, ‘டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்ற செய்தியோடு இரவுதோறும் பேக்கப் பாதியில் நின்றுவந்தது; டிஸ்க் பழுதென்று அதை இரண்டு முறை கடைக்காரரிடம் மாற்றியும் இருந்தார்கள். விண்டோஸில் இரண்டு டிஸ்குகளை மாற்றி மாற்றிச் செருகினால் ஒரு நாள் ‘ஈ’ என்ற எழுத்தும் மறுநாள் ‘எஃப்’ என்ற எழுத்தும் அமையும். ‘ஈ’யைத் தேடிப் போகும் பேக்கப் வெறுங்கையோடு திரும்பும்.

லினக்ஸில் நேர்வது இன்னும் விசித்திரம். டிஸ்கை இணைப்பதற்கென்று வைத்திருக்கும் வெறும் அடைவு, டிஸ்க் இணைக்கப்படாத நாளிலும் அங்கேயே இருக்கும். பேக்கப் அதற்குள் போய் எழுதும். எழுதுவது வெளி டிஸ்கிலன்று, அசலும் குடியிருக்கும் அதே உள் டிஸ்கில். எல்லாம் ஒழுங்காக முடிந்ததாகப் பதிவேடு சொல்லும். உள் டிஸ்க் நிரம்பிச் சர்வர் ஸ்தம்பிக்கும் நாளில்தான் உண்மை தெரியவரும். ஒவ்வொரு வெளி டிஸ்கிலும் ஒரு சிறு அடையாளக் கோப்பை எழுதி வைத்து, அது கண்ணில் பட்டாலன்றிப் பேக்கப் தொடங்கவே கூடாது என்று கட்டளையிடுவதே இதற்கு நான் கண்ட பரிகாரம். இரண்டே வரிதான்.

நாடாவைச் சிறிய அலுவலகங்களிலிருந்து வெளியேற்றியது விலை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. விண்டோஸ் சர்வரோடு இலவசமாக வந்துகொண்டிருந்த பேக்கப் புரோகிராம் நாடாவில் எழுதத் தெரிந்தது. 2008இல் வெளியான பதிப்பில் அதற்குப் பதிலாக வந்த புதிய புரோகிராமுக்கு நாடா என்றால் என்னவென்றே தெரியாது. நாடா வேண்டுமானால் தனியாகப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டும் என்று சொன்ன மறுநிமிஷமே பல முதலாளிகள் தங்கள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இந்தக் காலத்தில்தான் ஆர்.டி.எக்ஸ். என்ற சாதனம் என் கைக்கு வந்தது. அமெரிக்காவில் புரோஸ்டார் என்ற கம்பெனி வகுத்து, பல பெரிய கம்பெனிகள் தத்தம் பெயரில் விற்று, 2011இல் நாடா டிரைவ்களுக்குப் பெயர்போன டான்ட்பர்க் விலைக்கு வாங்கிக்கொண்ட முறை அது. மடிக்கணினியில் இருக்கும் இரண்டரை அங்குல டிஸ்கை அதிர்ச்சி தாங்கும் உறைக்குள் வைத்து, ஆயிரக்கணக்கான தடவை செருகி எடுக்கத் தக்க முள்களைக் கொடுத்து, பழைய கேசட்டைப் போலவே கைக்கடக்கமாகச் செய்திருந்தார்கள். சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்றார்கள். அதை விரும்பாமலே சோதித்துக் காட்டிய ஓர் அலுவலக உதவியாளரின் தயவால் நானும் அதற்குச் சாட்சி. எழுத்தைத் தடுக்கும் சிறு தாழ்ப்பாளும் ஓரத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜை வெளியே தள்ளும்படி புரோகிராமிலிருந்தே கட்டளையிட முடிந்தது. நாடாவின் குணத்தையும் டிஸ்கின் வேகத்தையும் ஒருங்கே அறிந்த யாரோ இதைச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. இதன் கார்ட்ரிட்ஜ், அதே கொள்ளளவுள்ள சாதாரண யு.எஸ்.பி. டிஸ்கைவிடக் கணிசமாக விலை கூடியது என்பதை மறைப்பதற்கில்லை. அந்த ஒரு குறையே அது எங்கும் பரவாமல் தடுத்தது.

அப்படி அதை வாங்கிய ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில், கிழமைக்கொன்றாக வர்ணச் சீட்டு ஒட்டி, வெள்ளிக்கிழமைக்குரியதைக் கணக்கு எழுதும் அம்மாள் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்வது என்று வகைசெய்து கொடுத்தேன். ஓராண்டு ஒழுங்காக நடந்தது. பிறகு மேனேஜர் ஒருவர் வந்தார். 1 டெராபைட் கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கிப் போட்டார். “இது ஒண்ணுலயே மூணு மாசத்து பேக்கப் நிக்குது சார், அப்புறம் எதுக்குத் தினம் தினம் கழட்டணும்?” என்றார். இந்தக் கேள்வியை அதற்கு முன்னும் பின்னும் வெவ்வேறு வாயிலாக நான் கேட்டிருக்கிறேன். நாடாவில் இடம் போதாததாலும் டிரைவ் ஒன்றே இருந்ததாலும் பிரதி தினமும் வெளியேறியது. டிஸ்கில் இடம் மிகுந்ததும் வெளியேற வேண்டிய கட்டாயம் போயிற்று. கட்டாயம் போனதும் பழக்கமும் போயிற்று. சர்வரிலேயே மாட்டிக் கிடக்கும் பேக்கப் டிஸ்க், மாற்றுச் சாவியை அந்தப் பூட்டிலேயே தொங்கவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமானம் என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார், கழற்றவில்லை.

2017 மே மாதம் 12ஆம் தேதி வானாக்ரை என்ற கிருமி உலகத்தை உலுக்கியபோது, கோப்புகளைப் பூட்டுப்போட்டுப் பணம் கேட்கும் இந்த வகைக் கொள்ளை சாதாரண ஜனங்களுக்கும் தெரியவந்தது. எங்கள் தொழிலில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அது புகுந்துவிட்டது. இந்தக் கிருமிகள், அந்தக் கம்ப்யூட்டர் எட்டக்கூடிய எந்த டிஸ்கையும் விட்டுவைப்பதில்லை, செருகியிருக்கும் யு.எஸ்.பி. டிஸ்க் அவற்றின் கணக்கில் இன்னொரு அறைதான். ஒரு பரிசோதனை நிலையத்தில் திங்கட்கிழமை காலை திறந்தபோது சர்வரிலும், அதில் நிரந்தரமாக மாட்டியிருந்த பேக்கப் டிஸ்கிலும் கோப்புகள் அனைத்தும் பெயர் மாறிப் பூட்டிக் கிடந்தன. பழைய டிஸ்க் ஒன்று பழுதென்று சந்தேகிக்கப்பட்டு, இரண்டு வாரங்களுக்கு முன் கழற்றப்பட்டு, அலமாரியில் கிடந்தது. அதுவே அவர்களைக் காப்பாற்றிற்று. இடையிலிருந்த இரண்டு வாரத்து அறிக்கைகளைக் காகிதப் பிரதிகளிலிருந்து ஊழியர்கள் முறை வைத்து மீண்டும் தட்டச்சு செய்தார்கள். செருகி வைத்திருந்த புதிய டிஸ்க் மிக உயர்ந்த ரகம், விலையும் அப்படியே.

வெளியே கொண்டுபோவதென்றால் எவ்வளவு தூரம் என்பதை 2015 டிசம்பர் கற்பித்தது. ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்குச் சமீபத்தில், தரைத்தளத்தில் சர்வரை வைத்திருந்த ஒரு நிறுவனத்தார் நான் சொன்னபடியெல்லாம் செய்தவர்கள். டிஸ்குகளைக் கழற்றினார்கள், ஒன்றை அலுவலக இரும்பு அலமாரியில் வைத்தார்கள், மற்றொன்றை நிர்வாகி தம் வேளச்சேரி வீட்டுக்கு எடுத்துச் சென்றார். டிசம்பர் 1ஆம் தேதி பெய்த பேய்மழைக்குப் பின் ஆறு அலுவலகத்துக்குள் வந்தது. வேளச்சேரி வீட்டின் கீழ்த்தளத்திலும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஹார்ட் டிஸ்க் என்பது முற்றிலும் அடைக்கப்பட்ட பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். காற்றழுத்தத்தைச் சமன்செய்ய அதில் ஒரு நுண்ணிய துவாரம் உண்டு, சேற்றுநீருக்கு அது போதும். அவர்களைப் பிழைக்கவைத்தது, தணிக்கைக்காக மாதம் ஒரு முறை சேலம் கிளைக்கு அனுப்பிய மூன்றாவது டிஸ்க். அதற்கு முன்பெல்லாம் வேறு கட்டடம் என்றே நான் சொல்லிவந்தேன். இப்போது வேறு ஊர் என்று சொல்கிறேன், கடற்கரை ஊராயின் மேட்டுநிலத்து ஊர் என்றும் சேர்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால் நாடா செத்துவிட்டது என்று நான் கருதுவதாக யாரும் எண்ண வேண்டாம். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் சிறு பகுதியினரின் கடிதங்கள் மறைந்தபோது, எத்தனையோ ஊர்களில் டிஸ்குகளில் பிரதி வைத்திருந்த கூகுள் நிறுவனம் அவற்றை மீட்டது நாடாவிலிருந்துதான். பிழை எல்லா டிஸ்குகளுக்கும் பரவியிருந்தது, அலமாரியிலிருந்த நாடாவுக்கு மட்டும் எட்டவில்லை. அதே ஆண்டு இறுதியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கியபோது, இங்கே ரிச்சி தெருவில் டிஸ்க் விலை சில வாரங்களுக்குள் ஏறத்தாழ இரட்டித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. 2000இல் 100 ஜிகாபைட்டோடு தொடங்கிய எல்.டி.ஓ. நாடா 2021இல் ஒரு கார்ட்ரிட்ஜுக்கு 18 டெராபைட் என்ற அளவை எட்டிவிட்டது. அதன் டிரைவ் விலை சிறிய முதலாளியைத் திகைக்கவைக்கும். அதற்கு இடைவிடாமல் வேகமாகத் தகவல் ஊட்டாவிட்டால் நின்று, பின்வாங்கி, மறுபடி ஓடித் தன்னையும் நாடாவையும் தேய்த்துக்கொள்ளும். ஆனால் பல பத்து டெராபைட்டுகளைப் பத்தாண்டு வைத்திருக்க வேண்டியவர்களுக்கு, தனித்தனியே மோட்டாரும் மின்சுற்றும் கொண்ட டிஸ்குகளை அலமாரியில் அடுக்கி, ஐந்தாறு வருஷம் கழித்து அவை சுழலுமா என்று பிரார்த்திப்பதைவிட நாடாவே உத்தமம் என்பது என் முடிவு. ஓரிரண்டு டெராபைட்டுக்குட்பட்ட கடைக்கும் அலுவலகத்துக்கும் கழற்றும் டிஸ்க் போதும். குறைந்தது மூன்று, அவற்றில் எந்த நேரத்திலும் ஒன்றுக்கு மேல் சர்வரில் மாட்டியிருக்கக் கூடாது, ஒன்று எப்போதும் வெளியூரில்.

பழைய டாட் கேசட்டுகளை வாடிக்கையாளர்கள் பலர் இன்னும் அலமாரியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். வரி வழக்குக்கோ சொத்துத் தகராறுக்கோ என்றாவது உதவும் என்ற நம்பிக்கை. அப்படிப்பட்டவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு என் வேண்டுகோள், அதிலிருப்பதை இந்த வருஷமே டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள், எழுதிய டிரைவ் கைவசம் இருந்தால் அதைக் கொண்டே மாற்றுங்கள் என்பதுதான். புதிய டாட் டிரைவ்கள் சந்தைக்கு வருவது நின்று பல ஆண்டுகளாகின்றன. பழையதும், அதை ஓட்டுவதற்கு வேண்டிய ஸ்கஸி கார்டும், அந்தக் கார்டு பொருந்தும் பழைய கம்ப்யூட்டரும் தேடினால் ரிச்சி தெருவில் இப்போதைக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் கடையை மூடிவிட்டார்கள்.